பச்சோந்திக்கு மூன்றாவது பெயர் எப்போது? துணையினப் பெயர்களைச் சரியாக எழுத முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஊருணிக் கரைகளிலும் முள்ளுக்காட்டிலும் பார்த்த ஊர்வனவற்றைக் குறித்துவைக்கும் மாணவர்களோடு சில வருடங்களாகச் சேர்ந்து வேலை செய்கிறேன். படம் நன்றாக எடுக்கிறார்கள், தேதியும் ஊரும் ஒழுங்காக எழுதுகிறார்கள். பெயர் எழுதும் கட்டத்துக்கு வந்ததும் தடுமாறுகிறார்கள். அதிலும் பச்சோந்தி என்றால், இரண்டு சொல்லில் முடியவேண்டிய அறிவியல் பெயர் மூன்று சொல்லாகிவிடுகிறது.

மூன்றாவது சொல் துணையினத்தின், அதாவது ஒரே சிற்றினத்துக்குள் பிரித்தறியும் ஒரு கூட்டத்தின், பெயர். அதை எழுதினால் "இந்த விலங்கு இன்ன கூட்டத்தைச் சேர்ந்தது, அதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது" என்று சொன்னதாக அர்த்தம். அந்த ஆதாரத்தை எந்த வரிசையில் தேடுவது, கிடைத்தால் எப்படி எழுதுவது, கிடைக்காவிட்டால் எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்த வழிகாட்டி. வரிசையை மாற்ற வேண்டாம். பிழைகளில் பெரும்பாலானவை நடுவில் ஒரு படியைத் தாண்டிப் போனதால் வந்தவை.

இந்தக் கட்டுரையில் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். பெரிய எழுத்து, சாய்வெழுத்து என்று நான் சொல்லும் இடங்கள், நீங்கள் ரோமன் எழுத்தில் பதிவு எழுதும்போது பொருந்துபவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது மூன்று படங்கள் வேண்டும்: பக்கவாட்டில் முழு உடல், தலை மட்டும் நெருக்கமாக, ஒரு பாதம் தெளிவாக. மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு பெயர் தேட உட்கார்ந்தால் நேரம்தான் வீணாகும். தலையின் பின்பக்கம் கூம்பாக எழும்பி நிற்கும் தலைக்கவசமும், பாதத்தில் விரல்கள் பிரியும் விதமும் பக்கவாட்டில்தான் தெரியும்.

இரண்டாவது, இடம். "காரைக்குடி" என்று மட்டும் எழுதினால் போதாது. ஊர், ஊருணி அல்லது கண்மாயின் பெயர், எந்தச் செடி அல்லது மரத்தில் இருந்தது, முடிந்தால் கைப்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை எண்கள். துணையினத்தைத் தீர்மானிப்பதில் பாதி வேலையைச் செய்வது இடம். அது ஏன் என்று ஐந்தாவது படியில் தெரியும்.

மூன்றாவது, புதுப்பிக்கப்பட்ட ஒரு பெயர்ப்பட்டியல். ஊர்வனவற்றுக்கு 'ரெப்டைல் டேட்டாபேஸ்' என்ற இணையதளம் இருக்கிறது. ஒரு சிற்றினத்தைத் தேடினால் அதன் துணையினங்கள், பெயரிட்டவர், ஆண்டு, பழைய பெயர்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். நூலகத்துப் பழைய புத்தகத்தை மட்டும் நம்பினால் இருபது முப்பது வருடத்துக்கு முந்தைய பெயரை எழுதிவிட்டு வருவீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். படம் எடுப்பதற்காகப் பச்சோந்தியைப் பிடிக்காதீர்கள், வீட்டுக்கும் கொண்டுவராதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. இரவில் கிளை நுனியில் தூங்கும்போது டார்ச் வெளிச்சத்தில் வெளிறித் தெரியும். இரண்டு படம் எடுத்துக்கொண்டு விலகிவிடுங்கள்.

2. அது பச்சோந்திதானா?

இந்தப் படியைச் சிரிப்பாக நினைத்துத் தாண்டிப்போகிறவர்கள் அதிகம். நம் பக்கத்தில் நிறம் மாறும் எதையும் பச்சோந்தி என்றுதான் சொல்கிறோம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தோளும் செக்கச்செவேல் என்று ஆகும். அதைப் படமெடுத்து வந்து பச்சோந்தியின் "சிவப்புத் துணையினம்" என்று எழுதிய பதிவுகளையே பலமுறை பார்த்திருக்கிறேன். அது கலோட்டஸ் வெர்சிகலர். குடும்பமே வேறு.

ஒருமுறை பள்ளத்தூரில் ஒரு வீட்டு வேலியோரம் மாணவர்கள் கூட்டமாக நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, அது கரட்டாண்டிப்பா. பச்சோந்தி இப்படி ஓடுமா?" என்றார்கள். அந்த ஒரு கேள்வியே நல்ல சோதனை. ஓணான் விருட்டென்று ஓடும். பச்சோந்தி ஒவ்வொரு காலையும் நிதானித்து, காற்றில் இலை ஆடுவதுபோல் முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் நகரும்.

படத்தில் பார்க்க வேண்டியது பாதம். பச்சோந்தியின் விரல்கள் இரண்டு கட்டுகளாகச் சேர்ந்து கிடுக்கி மாதிரி இருக்கும். முன்காலில் உட்பக்கம் மூன்று விரல், வெளிப்பக்கம் இரண்டு. பின்காலில் இது தலைகீழ். ஓணானுக்கு ஐந்து விரல்களும் தனித்தனியாக நீண்டிருக்கும். அதோடு பச்சோந்தியின் கண்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே சுழலும், வால் சுருண்டு கிளையைப் பிடிக்கும்.

இது உறுதியாகாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். குடும்பம் தவறினால் அதற்குக் கீழே எழுதும் எல்லாமே தவறு.

3. பேரினம், சிற்றினம்: இரண்டு சொல்லை முதலில் நிறுத்துங்கள்

நம் பக்கத்தில் இந்தப் படி எளிது. இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி ஒரே ஒரு சிற்றினம்தான்: கமீலியோ ஜெய்லானிகஸ். இதே சிற்றினம் இலங்கையிலும் பாகிஸ்தானிலும் உண்டு. முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினத்துக்குரிய சொல். இரண்டும் சேர்ந்தால்தான் சிற்றினத்தின் பெயர். "இது ஜெய்லானிகஸ்" என்று இரண்டாவது சொல்லை மட்டும் தனியாக எழுதக் கூடாது. அதே சொல் வேறு பேரினங்களிலும் இருக்கலாம் என்பதால் எந்த விலங்கைச் சொல்கிறீர்கள் என்று தெரியாமல் போய்விடும்.

ஜெய்லானிகஸ் என்றால் சிலோனைச் சேர்ந்தது. கொழும்புக்கும் கண்டிக்கும் தொழிலுக்குப் போய்வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர்களில் இந்தச் சொல்லின் பொருள் சட்டென்று புரிகிறது. அதே வேகத்தில் ஒரு பிழையும் வருகிறது. "சிலோன் என்று பெயரில் இருக்கிறதே, அப்படியானால் நம் ஊரில் இருப்பது வேறாகத்தானே இருக்கும்?" என்று யோசித்து, கமீலியோ ஜெய்லானிகஸ் இண்டிகஸ் என்று தாங்களே ஒரு பெயரை உண்டாக்கி எழுதிவிடுகிறார்கள்.

அப்படி ஒரு துணையினம் பட்டியலில் இல்லை. பெயரில் உள்ள இடம், பெயர் வைத்தவர் அந்த விலங்கை எந்த ஊரோடு சேர்த்து அறிந்திருந்தார் என்பதைத்தான் காட்டும். அது எங்கெங்கே வாழ்கிறது என்பதற்கு எல்லைக்கல் ஆகாது. பெயரின் பொருளைப் பார்த்து இனத்தை முடிவு செய்யவே கூடாது.

4. அந்தச் சிற்றினத்துக்குத் துணையினம் உண்டா என்று பாருங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். எல்லாச் சிற்றினத்துக்கும் துணையினம் இருக்கும் என்ற நினைப்புதான் எல்லாப் பிழைக்கும் வேர்.

செட்டிநாட்டு நகரத்தார் கோவில்களை நினைத்துப் பாருங்கள். ஒன்பது கோவில், ஒவ்வொரு குடும்பமும் அவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. இளையாத்தங்குடிக்கும் மாத்தூருக்கும் ஏழேழு பிரிவு உண்டு. சில கோவில்களுக்குப் பிரிவே கிடையாது. பிரிவு இல்லாத கோவிலைச் சேர்ந்தவரிடம் "நீங்கள் எந்தப் பிரிவு?" என்று கேட்டால், அவர் எதைச் சொல்வார்? கோவில் பெயரோடு அவர் அடையாளம் முழுமையாகிவிட்டது. துணையினமும் அதே மாதிரிதான். ஆய்வாளர்கள் ஒரு சிற்றினத்துக்குள் பிரிக்கத்தக்க கூட்டங்கள் இருப்பதாகக் கண்டு முறைப்படி பெயர் வெளியிட்டிருந்தால் மட்டுமே மூன்றாவது சொல் உண்டு.

நம் பச்சோந்திக்கு ஏற்கப்பட்ட துணையினம் எதுவும் இல்லை. ஆகவே காரைக்குடியில் எடுத்த படமானாலும் கன்னியாகுமரியில் எடுத்த படமானாலும் கமீலியோ ஜெய்லானிகஸ் என்று இரண்டு சொல்லோடு நிறுத்த வேண்டும்.

சிலர் கூடுதல் கவனமாக இருப்பதாக நினைத்து கமீலியோ ஜெய்லானிகஸ் ஜெய்லானிகஸ் என்று எழுதுகிறார்கள். இதுவும் தவறு. அப்படித் திருப்பிச் சொல்வது, அந்தச் சிற்றினத்துக்குள் இன்னொரு துணையினமாவது இருந்தால் மட்டும்தான். வீட்டில் ஒரே பிள்ளை என்றால் அவனை யாரும் மூத்தவன் என்று அழைப்பதில்லை. இளையவன் ஒருவன் வந்த பிறகுதான் மூத்தவன் என்ற சொல்லுக்கே தேவை வருகிறது.

துணையினங்கள் உள்ள சிற்றினத்துக்கு உதாரணம், மத்தியதரைக் கடல் ஓரங்களில் வாழும் கமீலியோ கமீலியோன். இதில் நான்கு துணையினங்களைப் பிரிக்கிறார்கள். வட ஆப்பிரிக்காவிலும் தெற்கு ஸ்பெயினிலும் இருப்பது கமீலியோ கமீலியோன் கமீலியோன். சைப்ரஸ், துருக்கி, சிரியா பக்கம் ரெக்டிகிரிஸ்டா. சினாய் பாலைவனப் பகுதியில் மூசே. அரேபியாவின் தென்மேற்கு மூலையில் ஓரியென்டாலிஸ்.

முதலில் சொன்னதில் சிற்றினச் சொல்லே மூன்றாவது சொல்லாகத் திரும்பி வருவதைக் கவனியுங்கள். சிற்றினத்துக்கு முதன்முதலில் பெயர் வாங்கித் தந்த கூட்டத்துக்கு அந்தப் பெயர் தானாகவே கிடைக்கும். வேறு சொல் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. இதைப் "பெயர்தாங்கித் துணையினம்" என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொள்கிறோம். இதுதான் அசல், மற்றவை கிளை என்று நினைத்துவிடாதீர்கள். பெயரின் வரலாற்றில் அது முந்தியது, அவ்வளவுதான். உயிரியல் வகையில் நான்கும் சமம்.

5. ஆதாரம்: இடம் முதலில், உடலமைப்பு அடுத்து, நிறம் கடைசியிலும் வேண்டாம்

துணையினங்கள் பெரும்பாலும் இடத்தால் பிரிந்த கூட்டங்கள். அதனால் முதல் கேள்வி, இந்த விலங்கு எங்கே பிறந்தது? காட்டில் எடுத்த படம் என்றால் பதில் உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கும். வளர்ப்பு விலங்கு, கண்காட்சி விலங்கு, இணையத்தில் கிடைத்த படம் என்றால் பதில் இருக்காது. அப்போது சிற்றினத்தோடு நிறுத்திவிடுங்கள். அப்படி நிறுத்தினால் பதிவுக்கு ஒரு குறையும் வராது.

அடுத்து உடலமைப்பு. கென்யாவிலும் தான்சானியாவிலும் வாழும் மூன்று கொம்புப் பச்சோந்தி இதற்கு நல்ல பாடம். அதன் பெயர் ட்ரையோசெராஸ் ஜாக்சோனீ. இதில் மூன்று துணையினங்கள்: ஜாக்சோனீ, மெருமொன்டானஸ், சாந்தோலோஃபஸ். மெருமொன்டானஸ் தான்சானியாவின் மெரு மலையில் இருப்பது, உருவில் சிறியது. சாந்தோலோஃபஸ் கென்ய மலைச் சரிவுகளைச் சேர்ந்தது, பெரியது. ஆண்களுக்கு மூன்று கொம்பு எல்லாவற்றிலும் உண்டு என்பதால் ஆணின் கொம்பை எண்ணிப் பயனில்லை. பெண்ணுக்குக் கொம்பு இருக்கிறதா, எவ்வளவு வளர்ந்திருக்கிறது, உடல் எவ்வளவு பெரியது, எந்த மலையில் எடுத்தது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாந்தோலோஃபஸ் இன்று ஹவாய்த் தீவுகளிலும் காட்டில் பெருகி இருக்கிறது. 1972-இல் வளர்ப்புக்காகக் கொண்டுபோனவற்றிலிருந்து பரவியது. எடுத்த இடம் ஹவாய் என்பதால் அதற்குப் புதுத் துணையினப் பெயர் வந்துவிடாது. பூர்வீகம் எது என்பதுதான் கணக்கு. ஒரு குடும்பம் பினாங்கில் போய்க் கடை வைத்தாலும் கோவில் மாறாததுபோல.

இப்போது நிறம். சாந்தோலோஃபஸ் என்ற சொல்லுக்கே மஞ்சள் முகடு என்று பொருள். அதைப் பார்த்து "அப்படியானால் நிறம் ஆதாரம்தானே?" என்று கேட்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் பல விலங்குகளை அளந்து, பல குணங்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் பிரித்தார்கள். கண்ணில் பளிச்சென்று பட்ட ஒன்று பெயராக நின்றது. நம் கையில் இருப்பதோ ஒரே படம். வெயில், குளிர், பயம், சினம், கரு தாங்கியிருப்பது, உடல்நலம் என்று எது மாறினாலும் பச்சோந்தியின் நிறம் மாறும். காலை ஆறு மணிக்கு ஊருணிக் கரையில் கருத்துக் கிடந்த அதே பச்சோந்தி, பத்து மணிக்கு இளம்பச்சையில் மஞ்சள் பட்டைகளோடு இருப்பதை நானே ஒரே புதரில் பார்த்திருக்கிறேன். நிறத்தை வைத்து மூன்றாவது சொல் எழுத வேண்டாம்.

6. ஊர்ப்பெயரும் வியாபாரப் பெயரும் துணையினம் ஆகாது

மடகாஸ்கரின் ஃபர்சிஃபர் பார்டாலிஸ் என்ற பச்சோந்தி நீலம், சிவப்பு, பச்சை என்று ஊருக்கு ஊர் வேறு நிறத்தில் இருக்கும். வளர்ப்பவர்கள் அவற்றை அம்பிலோபே, நோசி பே, அம்பாஞ்சா என்று ஊர்ப்பெயர் சொல்லி அழைப்பார்கள். இணையத்தில் பார்த்துவிட்டு மாணவர்கள் ஃபர்சிஃபர் பார்டாலிஸ் அம்பிலோபே என்று சாய்வெழுத்தில் எழுதிவருகிறார்கள்.

ஃபர்சிஃபர் பார்டாலிஸுக்கு ஏற்கப்பட்ட துணையினம் இல்லை. மரபணுவை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஒரு கட்டுரை, இந்த ஒரே பெயருக்குள் பதினோரு சிற்றினங்கள் இருக்கலாம் என்று சொன்னது. இருக்கலாம் என்று சொல்வது வேறு, முறைப்படி விவரித்துப் பெயர் வெளியிடுவது வேறு. பெயர் வெளியாகும்வரை நாம் எழுதக்கூடியது இரண்டு சொல்தான்.

ஊரைச் சொல்ல ஆசைப்பட்டால் பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டு, சாதாரண எழுத்தில் "அம்பிலோபே பகுதியைச் சேர்ந்தது" என்று எழுதுங்கள். தகவலும் போகாது, பெயரும் கெடாது.

7. எழுத்துமுறை

விலங்குகளின் பெயருக்கென்று அனைத்துலக விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது 1999-இல் வந்த நான்காம் பதிப்பு, 2000 ஜனவரி 1 முதல் செல்லும். அதன்படி பேரினத்தின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. சிற்றினமும் துணையினமும் சிறிய எழுத்தில்தான் தொடங்கும், ஆள் பெயரிலிருந்து வந்த சொல்லாக இருந்தாலும் சரி. ஜாக்சன் என்ற மனிதருக்குப் பெரிய எழுத்து, ஜாக்சோனீ என்ற சொல்லுக்குச் சிறிய எழுத்து. சாய்வெழுத்து கட்டாய விதி இல்லை, ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம். கையால் எழுதினால் அடிக்கோடு இடுங்கள்.

துணையினத்துக்கு முன்னால் 'சப்ஸ்பீஷீஸ்' என்பதன் சுருக்கத்தைச் சேர்க்க வேண்டாம். அது தாவரவியலின் வழக்கம். செடிகளைப் பதிவு செய்துவிட்டு விலங்குக்கு வருகிறவர்கள் பலர் இந்தப் பிழையைச் செய்கிறார்கள். விலங்கியலில் சிற்றினத்துக்குக் கீழே விதி ஏற்கும் நிலை துணையினம் ஒன்றுதான். அதனால் மூன்றாவது சொல்லைப் பார்த்தாலே அது என்ன என்று தெரிந்துவிடும், அடையாளச் சொல் தேவையில்லை.

சுருக்குவது எப்படி? முதல் தடவை முழுப்பெயர். அடுத்த தடவை முதல் பேரினத்துக்கு ஒரு எழுத்தும் புள்ளியும். துணையினம் என்றால் சிற்றினத்தையும் சுருக்கலாம்: ட்ரை. ஜா. சாந்தோலோஃபஸ் என்கிற மாதிரி, ரோமனில் ஒவ்வொரு எழுத்தாக. கடைசிச் சொல்லை மட்டும் சுருக்கவே கூடாது.

இதில் ஒரு பொறி உண்டு. கமீலியோ, கலும்மா இரண்டும் ரோமனில் ஒரே எழுத்தில் தொடங்கும். ஒரே பக்கத்தில் கமீலியோ கலிப்ட்ராட்டஸும் கலும்மா பார்சோனீயும் வந்தால் சுருக்கம் படிப்பவரைக் குழப்பிவிடும். அங்கே ஒவ்வொரு தடவையும் முழுதாக எழுதுங்கள்.

ஜாக்சோனீ என்ற சொல்லின் கடைசியில் ஆங்கில 'ஐ' எழுத்து இரண்டு முறை வரும். ஒன்றை விட்டுவிடுவது மிகப் பரவலான பிழை. பெயர் முதலில் எந்த எழுத்துக்கூட்டலோடு வெளியானதோ அதுவே நிலைக்கும். ஒற்றை 'ஐ' அழகாக இருக்கிறது என்று நாம் திருத்த முடியாது. பார்சோனீக்கும் இப்படியே.

8. பெயரிட்டவரும் ஆண்டும்: அடைப்புக்குறி ஏன் வருகிறது?

மாணவர்கள் அதிகம் கேள்வி கேட்பது இதைப் பற்றித்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பச்சோந்தியின் முழு மேற்கோள்: கமீலியோ ஜெய்லானிகஸ் லாரென்டி, 1768. அடைப்புக்குறி இல்லை. மூன்று கொம்புப் பச்சோந்தியின் மேற்கோள்: ட்ரையோசெராஸ் ஜாக்சோனீ (பூலாஞ்சே, 1896). அடைப்புக்குறி இருக்கிறது. அது அலங்காரத்துக்காகப் போட்டது இல்லை.

லாரென்டி தன் பச்சோந்தியைக் கமீலியோ பேரினத்தில்தான் வைத்தார், இன்றும் அது அங்கேயே இருக்கிறது. பூலாஞ்சே ஜாக்சோனீயையும் கமீலியோ பேரினத்தில்தான் வைத்திருந்தார். பிறகு ட்ரையோசெராஸ் அதற்குள் ஒரு துணைப்பேரினமாக இருந்தது. 2009-இல் டில்பரி, டாலி என்ற இரு ஆய்வாளர்கள் அதைத் தனிப் பேரினமாக உயர்த்தினார்கள். சிற்றினம் வேறு பேரினத்துக்கு மாறியதால், முதலில் பெயர் வைத்தவரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போனார்கள்.

நம் பக்கத்துச் சுவிகாரம் மாதிரிதான் இது. பிள்ளை வேறு வீட்டுக்குப் போனதும் விலாசம் மாறுகிறது, முன்னெழுத்து மாறுகிறது. பெற்றவர் யார் என்பது மாறுவதில்லை. அடைப்புக்குறியைப் பார்த்தால் "இந்தப் பிள்ளை வேறு வீட்டில் பிறந்தது" என்று படித்துக்கொள்ளுங்கள்.

துணையினத்துக்கும் இதே கணக்கு. மெருமொன்டானஸ் (ராண்ட், 1958) என்று அடைப்புக்குறி வரும், ராண்ட் பெயர் வைத்தபோது பேரினம் கமீலியோ என்பதால். சாந்தோலோஃபஸுக்கு (ஈசன், ஃபெர்குசன், ஹெப்ரார்ட், 1988), அதே காரணம். பெயர்தாங்கித் துணையினமான ட்ரையோசெராஸ் ஜாக்சோனீ ஜாக்சோனீக்கு யார்? சிற்றினத்துக்கு யாரோ அவரேதான்: (பூலாஞ்சே, 1896). பிற்பாடு இன்னொரு துணையினத்தைப் பிரித்தவர் பெயரை இங்கே எழுதுவது தவறு.

இன்னொரு தடுமாற்றம்: சிற்றினமாக வெளியான பெயர் பிற்காலத்தில் துணையினமாக இறங்கினால் அடைப்புக்குறி வருமா? வராது. கமீலியோ கால்காரிஃபர் என்று பீட்டர்ஸ் வைத்த பெயரை, கமீலியோ கலிப்ட்ராட்டஸ் கால்காரிஃபர் என்று துணையினமாகப் பலர் எழுதுகிறார்கள். பேரினம் மாறவில்லை, நிலை மட்டும் மாறியது. பீட்டர்ஸ் வெளியிலேயே நிற்பார்.

பேரினத்துக்கும் சிற்றினத்துக்கும் நடுவில் அடைப்புக்குறி வந்தால் அது முற்றிலும் வேறு விஷயம். பழைய கட்டுரைகளில் கமீலியோ (ட்ரையோசெராஸ்) ஜாக்சோனீ என்று இருக்கும். உள்ளே இருப்பது துணைப்பேரினம். மூன்று சொல் தெரிகிறதே என்று அதைத் துணையினப் பெயராக எண்ணிவிடாதீர்கள். துணைப்பேரினத்தைக் கணக்கில் சேர்க்காமல்தான் சொற்களை எண்ண வேண்டும்.

பெயரிட்டவரை ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டாம். விதிப்படி அது பெயரின் பகுதியே இல்லை. பதிவில் ஒருமுறை தந்தால் போதும், எந்தப் பெயரைச் சொல்கிறோம் என்று உறுதியாகிவிடும்.

9. பேரினம் மாறினால் விகுதி மாறலாம்

இலத்தீன் இலக்கணத்தில் பேரினச் சொல்லுக்குப் பால் உண்டு. சிற்றினச் சொல் பெயரடையாக இருந்தால் அந்தப் பாலோடு ஒத்துப்போக வேண்டும். தமிழில் "வந்தான், வந்தாள், வந்தது" என்று எழுவாயோடு விகுதி ஒத்துப்போவதுபோல.

கென்யா, தான்சானியா எல்லையில் உள்ள டவெட்டா பகுதியின் பெயரைத் தாங்கிய ஒரு பச்சோந்தி இருக்கிறது. கமீலியோவில் இருந்தபோது அது டவெட்டானஸ், ஆண்பால். பிராடிபோடியன் பேரினத்துக்குப் போனபோது டவெட்டானம், அலிபால். 2006-இல் உருவான கின்யோங்கியா பேரினத்துக்கு வந்தபோது டவெட்டானா, பெண்பால். மூன்றும் ஒரே விலங்கு. மூன்று துணையினங்கள் என்று ஒரு மாணவி அட்டவணை போட்டு வந்தாள். விகுதியைக் காட்டியதும் அவளே அடித்துவிட்டு ஒன்றாக்கினாள்.

ஆள் பெயரிலிருந்து வந்த ஜாக்சோனீ போன்ற சொற்களுக்கு இந்த மாற்றம் இல்லை. ட்ரையோசெராஸுக்குப் போன பிறகும் அது அப்படியே நின்றது.

10. பழைய பெயர்களைப் படிக்கும்போது

பழைய நூல்களில் இந்தியப் பச்சோந்திக்குக் கமீலியோன் கால்காரட்டஸ் என்ற பெயரைப் பார்ப்பீர்கள். இரண்டு மாற்றம் இதில் தெரிகிறது. பேரினச் சொல்லைச் சிலர் கடைசியில் 'ன்' ஒலியோடு எழுதினார்கள், இப்போது 'கமீலியோ' என்பதே ஏற்பு. கால்காரட்டஸ் என்பது ஜெய்லானிகஸுக்குப் பிறகு வந்த பெயர், முந்தியதற்கே முன்னுரிமை. உங்கள் பதிவில் இன்றைய பெயரை எழுதி, பழைய நூலில் இருந்ததைக் குறிப்பாகத் தனியே சேர்த்துவையுங்கள். அழித்துவிட வேண்டாம், பின்னால் யாராவது சரிபார்க்க வரும்போது உதவும்.

கால்காரட்டஸையும் எட்டாம் படியில் சொன்ன கால்காரிஃபரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் குதிமுள் என்பதுதான் வேர். விலங்குகள் வேறு, நாடுகள் வேறு.

பழைய பெயர்ச்சீட்டுகளில் சிற்றினத்துக்குப் பிறகு 'வெரைட்டி' என்பதன் சுருக்கம் இருந்தால் ஆண்டைப் பாருங்கள். 1961-க்கு முன் அப்படி வெளியானவை பொதுவாகத் துணையினப் பெயராகக் கருதப்படும். 1960-க்குப் பிறகு அப்படி வெளியானவை துணையினப் பெயராகச் செல்லாது.

11. உறுதி இல்லாதபோது எழுதும் முறை

பேரினம் தெரிகிறது, சிற்றினம் தெரியவில்லை என்றால் பேரினத்தோடு 'எஸ்பி.' என்று முடியுங்கள். அந்தச் சுருக்கம் சாய்வெழுத்தில் வராது. இன்ன சிற்றினம் மாதிரி இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் நடுவில் 'சிஎஃப்.' சேர்ப்பார்கள். சிற்றினம் உறுதி, துணையினம் தெரியாது என்றால் எந்தச் சுருக்கமும் தேவையில்லை. இரண்டு சொல்லோடு நிறுத்தினாலே அந்தப் பொருள் வந்துவிடும்.

ஒரே சிற்றினத்தை இரண்டு பட்டியல்கள் வேறுவேறாகப் பிரித்திருக்கும். ஆப்பிரிக்காவின் கமீலியோ டிலெபிஸ் அப்படிப்பட்டது. அதன் துணையினங்களுள் ஒன்றான குயிலென்சிஸைச் சிலர் தனிச் சிற்றினமாகவே வைக்கிறார்கள். நீங்கள் எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறீர்கள், எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று பதிவின் மேலேயே எழுதிவிடுங்கள். பாதி ஒன்றிலிருந்தும் பாதி இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் எண்ணிக்கையே தவறிப்போகும்.

12. தமிழில் எழுதும்போது

அறிவியல் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. 'இலங்கைப் பச்சோந்தி' என்று ஜெய்லானிகஸை மாற்றி எழுதினால் அது ஊர்வழக்குப் பெயராகிவிடும், அறிவியல் பெயராக நிற்காது. ஒலிபெயர்த்து எழுதுங்கள். முதல் பக்கத்தில் கமீலியோ, நான்காம் பக்கத்தில் சமேலியோன் என்று மாறினால் படிப்பவர் இரண்டு பேரினம் என்று நினைப்பார். ஒரு வடிவத்தைத் தேர்ந்து கடைசிவரை அதையே வையுங்கள்.

தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. அதனால் எந்தச் சொல் பேரினம் என்று பார்த்தவுடன் தெரியாது. முதல் தடவை எழுதும்போதே "கமீலியோ பேரினத்தைச் சேர்ந்த" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் அந்தக் குறை தீரும். அரசுப் படிவத்திலோ ஆய்வுப் பதிவிலோ ரோமன் வடிவம்தான் செல்லும், ஆகவே குறிப்பேட்டில் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்வழக்குப் பெயரையும் விட்டுவிடாதீர்கள். பச்சோந்தி, கரட்டாண்டி, ஓணான் என்று அந்த ஊர்க்காரர் எதைச் சொன்னாரோ அதை அவர் சொன்னபடியே ஒரு கட்டத்தில் எழுதுங்கள். பின்னால் படத்தைப் பார்த்துப் பெயரைத் திருத்த வேண்டிவந்தால், குழப்பம் எங்கே தொடங்கியது என்று அந்தக் கட்டம்தான் சொல்லும்.

13. நிரப்பிய பதிவு ஒன்று

எங்கள் குறிப்பேட்டின் ஒரு வரி இப்படி இருக்கும். ஊர்வழக்கு: பச்சோந்தி. அறிவியல் பெயர்: கமீலியோ ஜெய்லானிகஸ் லாரென்டி, 1768. துணையினம்: இச்சிற்றினத்துக்கு இல்லை. இடம்: கானாடுகாத்தான், ஊருணியின் வடகரை, உடைமரத்தில் இடுப்பு உயரத்தில். ஆதாரம்: மூன்று படங்கள், விரல்கட்டு, தலைக்கவசம் தெளிவு. நிறம்: காலை 7 மணிக்குக் கரும்பழுப்பு. பெயர்ப்பட்டியல் பார்த்த தேதி.

துணையினக் கட்டத்தை வெறுமையாக விடாமல் "இச்சிற்றினத்துக்கு இல்லை" என்றே எழுதச் சொல்வேன். வெறும் கட்டத்தைப் பார்த்தால், மறந்துவிட்டார்களோ என்று அடுத்து வருகிறவர் எதையாவது எழுதி நிரப்பிவிடுகிறார்.